லினக்ஸ் கணினியில் விண்டோஸ் விளையாட்டு
நம் இல்லங்களுக்கு ஏற்ற வழி எது?

எழுதியவர்: ஒரு ரயில்வே எழுத்தர், அத்திபெலே



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வாயிலில் நின்றிருந்தபொழுது, மூன்று இல்லத்தார் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்து ஒரே வினாவைக் கேட்டனர். "உங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை இட்டுவிட்டீர்களாமே! பிள்ளைகள் விளையாட்டுக்கு என்ன செய்கின்றனர்?" என்பதே அவ்வினா. நான் பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தர் பணியில் அமர்ந்தவன். கணினிக் கல்வி முறையாகக் கற்றவனல்லேன். ஆயினும் என் இல்லத்தில் சில திங்களாக நடைபெற்ற முயற்சியும், அதில் கண்ட வெற்றியும் தோல்வியும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தியதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வினா எழுந்த காரணம்

என் வீட்டுக் கணினி, சில ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூர் எஸ்.பி. சாலையில் பழைய பொருளாக வாங்கப்பட்டது. அதன் உள்ளுறுப்புகள் 2016 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதில் விண்டோஸ் 10 இயங்கி வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு அப்பதிப்பிற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட இல்லங்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக் காப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏறத்தாழ 2018க்குப் பிந்திய செயலியும் வேண்டும். எங்கள் கணினி அத்தேர்வில் தேறவில்லை. பழுது பார்ப்பவர், "இதை விட்டொழித்துப் புதிது வாங்குங்கள், நாற்பதாயிரம் ரூபாயில் முடித்துத் தருகிறேன்" என்றார். அத்தொகை என்னிடம் இருந்தது உண்மை. ஆனால் அது என் தமக்கை மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்த பணம்.

அப்பிள்ளை சென்ற ஆண்டு தருமபுரியிலிருந்து வந்து, எங்கள் வீட்டில் தங்கிப் பி.யு.சி. படிக்கிறான். கன்னடம் தெரியாது, இயல்பாகவே பேச்சுக் குறைவு. ஞாயிறுதோறும் இரவில் தருமபுரித் தோழர் ஐவரோடு இணையத்தின் வழி ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வீட்டில் அவன் சிரிப்பொலி கேட்கும். ஊரை விட்டு வந்தவனுக்கு அவ்விளையாட்டே ஊராக இருந்தது. இதனைப் பெரியவர்கள் வீண்பொழுது என்று தள்ளிவிடலாம். நாமெல்லாரும் ஊரிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தவர்களே என்பதை நினைவில் வைத்தால், அவ்வாறு தள்ள மனம் வராது.

கட்டணப் பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, 'லினக்ஸ் மின்ட்' என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினோம். கடிதம் எழுதுதல், மின் கட்டணம் செலுத்துதல், பாடம் பார்த்தல் ஆகிய எல்லாம் முன்னினும் விரைவாக நடந்தன. எஞ்சி நின்றது விளையாட்டு ஒன்றே.

தடை எங்கே உள்ளது?

லினக்ஸ் என்பது 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் வளர்த்த இயங்குதளம். நமக்கும் அது முற்றிலும் புதியதன்று. தமிழக அரசு 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸும் இருந்ததை நம்முட் பலர் அறிவர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது.

அவ்வாறாயின், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் ஏன் ஓடுவதில்லை? இதனை அத்திபெலேயில் வாழும் நமக்கு விளக்குவது எளிது. தருமபுரியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, இங்குள்ள ஓர் அலுவலகத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். அவர் அறிந்தது தமிழ். அலுவலர் அறிந்தது கன்னடம். மூதாட்டியின் கோரிக்கையில் குறையில்லை. அலுவலரின் மனத்திலும் குறையில்லை. மொழி ஒன்றே தடை. விளையாட்டின் நிலையும் இதுவே. அதிலுள்ள கணக்கீடுகள் நேரே செயலிக்குச் செல்பவை. செயலி இரண்டு தளங்களுக்கும் பொதுவானது. ஆனால் கோப்பைத் திறத்தல், திரையில் படம் வரைதல், ஒலி எழுப்புதல் முதலியவற்றுக்கு விளையாட்டு இயங்குதளத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அவ்விண்ணப்பங்கள் விண்டோஸின் மொழியில் அமைந்திருப்பதால் லினக்ஸுக்கு விளங்குவதில்லை.

மூதாட்டிக்கு வழிகள் நான்கு. எல்லையைக் கடந்து ஓசூருக்குச் சென்று, தமிழ் அறிந்த அலுவலகத்திலேயே காரியத்தை முடிக்கலாம். இங்குள்ள அலுவலகத்திற்குள்ளேயே தமக்கென ஒரு தமிழ் அறை கட்டித் தரச் சொல்லலாம். ஓசூரிலுள்ள உறவினரைத் தொலைபேசியில் அழைத்து, அவரையே காரியம் பார்க்கச் சொல்லி விவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம். அல்லது இருமொழியும் அறிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லலாம். விளையாட்டுக்கும் இந்நான்கு வழிகளே உள்ளன.

முதல் வழி: இரு தளங்கள்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் தனித்தனிப் பகுதிகளில் வைத்து, இயக்கும்பொழுது வேண்டியதைத் தெரிந்துகொள்வது முதல் வழி. அரசு மடிக்கணினிகளில் இருந்த ஏற்பாடு இதுவே. விண்டோஸ் நேரடியாக இயங்குவதால், கணினியின் ஆற்றலுக்கும் விண்டோஸ் பதிப்பிற்கும் ஏற்ற எல்லா விளையாட்டுகளும் ஓடும். ஆனால் இடம் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் கணினியை நிறுத்தித் தொடங்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன விண்டோஸை வைத்துக்கொள்வோர், அதில் வங்கிக் கணக்கையும் கடவுச்சொற்களையும் ஒருபோதும் திறத்தலாகாது.

இவ்வழியை நாடுவோர் வட்டினைப் பிரிப்பதற்கு முன்பு புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க.

இரண்டாம், மூன்றாம் வழிகள்

லினக்ஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதனுள் விண்டோஸை நிறுவுவது இரண்டாம் வழி. வர்ச்சுவல்பாக்ஸ் முதலிய மென்பொருள்கள் இதற்கு உள்ளன. அலுவலகக் கணக்கு மென்பொருளுக்கு இது தக்கது. விளையாட்டுக்கோ பெரும்பாலும் தகாது. நினைவகம் இரண்டு தளங்களுக்கும் பகிரப்படுகிறது. வரைகலை அட்டையின் முழு ஆற்றலும் உள்ளே சென்று சேர்வதில்லை. அட்டை முழுவதையும் உள்ளிருக்கும் விண்டோஸுக்கே ஒப்படைக்கும் முறை ஒன்று உண்டு. அது வல்லுநர்க்குரியது, பெரும்பாலும் இரண்டு வரைகலை அமைப்புகள் இருக்கும் கணினிகளிலேயே கையாளப்படுவது.

தொலைவிலுள்ள பெரிய கணினியில் விளையாட்டை ஓடவிட்டு, அதன் காட்சியை மட்டும் இணையத்தின் வழி பெறுவது மூன்றாம் வழி. நம் கணினி பழையதாயினும் தடையில்லை. ஆனால் தடையற்ற, விரைவான இணையம் வேண்டும்; திங்கள்தோறும் கட்டணமும் வரலாம். மழைக்காலத்தில் எங்கள் தெருவின் இணையம் நடந்துகொள்ளும் முறையை அறிந்தவனாதலின், நான் இதனை முயலவில்லை.

நான்காம் வழி: மொழிபெயர்ப்பாளர்

விண்டோஸ் மொழியில் வரும் விண்ணப்பங்களை உடனுக்குடன் லினக்ஸ் மொழிக்கு மாற்றித் தருவது நான்காம் வழி. இப்பணியைச் செய்யும் மென்பொருளுக்கு 'வைன்' என்று பெயர். பெயரைக் கேட்டு என் அன்னையார் முகம் சுளித்தார். "மதுவன்று அம்மா, மென்பொருளே" என்று விளக்கிய பின்னரே அமைதியுற்றார். 1993 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அம்முயற்சி, முதல் நிலையான பதிப்பை எட்டியது 2008 சூனில்தான். பதினைந்து ஆண்டு உழைப்பு!

அதன்மேல் எழுந்ததே 'புரோட்டான்'. 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனம், கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் இணைந்து இதனை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரைவதற்குப் பயன்படுத்தும் 'டைரக்ட்3டி' மொழியை, லினக்ஸ் அறிந்த 'வல்கன்' மொழிக்கு மாற்றும் 'டி.எக்ஸ்.வி.கே.' என்னும் பகுதியும் இதனுள் அடங்கும். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கருவி லினக்ஸில் இயங்குவது. அதில் விண்டோஸ் விளையாட்டுகள் ஓட வேண்டும் என்ற தேவையால் புரோட்டான் மேலும் விரைந்து வளர்ந்தது. இதன் பயன் நம் பழைய கணினிகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

செய்முறை எளிது. லினக்ஸில் ஸ்டீமை நிறுவி, அமைப்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' என்னும் பகுதியைப் பார்த்துப் புரோட்டானை இயங்கச் செய்தால் போதும். வேறு அங்காடிகளில் வாங்கியவற்றுக்கு 'ஹீரோயிக்', பழைய குறுந்தட்டு விளையாட்டுகளுக்கு 'லூட்ரிஸ்' அல்லது 'பாட்டில்ஸ்' என்னும் துணை மென்பொருள்கள் உள்ளன. எந்த விளையாட்டு எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைப் பயன்படுத்துவோரே பதிந்து வைக்கும் 'புரோட்டான்டிபி' என்னும் ஏடு இணையத்தில் உண்டு. வாங்குவதற்கு முன்பு அதனைப் பார்ப்பது நன்று.

நிற்க. இவ்வழியிலும் எல்லைகள் உள. 2015க்கு முந்திய இன்டெல் வரைகலை அமைப்புகளில் வல்கன் முழுமையாக இல்லை. ஆகவே 2011, 2012 ஆம் ஆண்டுகளின் அரசு மடிக்கணினிகளில் புதிய விளையாட்டுகளை எதிர்பார்த்தலாகாது. வைனின் பழைய வரைமுறையைக் கொண்டு, அக்காலத்திய எளிய விளையாட்டுகளை ஆடலாம். மேலும், வைன் விண்டோஸ் நிரலை இயக்குவது போலவே விண்டோஸ் நச்சு நிரலையும் இயக்கிவிடக்கூடும். தெருமுனையில் யாரோ தந்த திருட்டுப் படியை, "லினக்ஸ்தானே" என்ற துணிவில் திறப்பது பேதைமை.

மொழிபெயர்ப்பாளரை ஏற்காத வாயில்

எங்கள் வீட்டில் முதல் மாதம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. தமக்கை மகன் தன்னிடமிருந்த பழைய குறுந்தட்டு விளையாட்டை லூட்ரிஸ் வழியும், ஸ்டீமில் முன்பே வாங்கியிருந்த இரண்டைப் புரோட்டான் வழியும் ஓட்டிக் காட்டினான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி விளையாட்டு மட்டும் திறக்கவேயில்லை. மூன்று இரவுகள் கண்விழித்து முயன்றான். நான்காம் நாள், "மாமா, இது ஓடாது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் குரல் எனக்கு வருத்தமளித்தது.

காரணத்தைப் பின்னர் அறிந்தோம். போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கக் காவல் மென்பொருள் ஒன்று உடன் இயங்குகிறது. சில காவலர்கள் விண்டோஸின் உட்கருவிலேயே அமர்ந்து காவல் புரிபவர்கள். அவர்கள், "மூதாட்டி நேரில் வரட்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்" என்று கூறிவிடும் அலுவலரைப் போன்றவர்கள். 'ஈசி ஆன்ட்டி சீட்', 'பேட்டில்ஐ' என்னும் இரண்டு காவல் மென்பொருள்கள் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு வழி திறந்தன. ஆயினும் அவ்வழியை அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்த விளையாட்டு நிறுவனத்தின் விருப்பம். வேலரன்ட், போர்ட்நைட் ஆகியவை லினக்ஸை ஏற்பதில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் முன்பு ஏற்றிருந்து, 2024 அக்டோபர் இறுதியில் கதவை அடைத்துவிட்டது. ஏற்காத வாயிலைக் குறுக்கு வழியில் திறக்க முயன்றால் கணக்கே முடக்கப்படலாம். ஆகவே அம்முயற்சி வேண்டாம்.

இங்குதான் தெரிவு கடினமாயிற்று. அவ்விளையாட்டு ஒன்றுக்காக விண்டோஸ் 10ஐ மீண்டும் ஒரு பகுதியில் நிறுவலாமா? எங்கள் வட்டில் இடம் குறைவு. அவ்விளையாட்டும் விண்டோஸும் சேர்ந்து பாதி வட்டை விழுங்கிவிடும். திருத்தமற்ற தளத்தை வீட்டில் வைத்திருக்கவும் என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் பிள்ளைக்கு அது தோழமையின் கயிறு. நான் முடிவைத் திணிக்கவில்லை. நான்கு வழிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் குறையையும் எதிரே குறித்து, அவனிடம் கொடுத்தேன். "ஒரு வாரம் எண்ணிப் பார், தம்பி. நீ விண்டோஸே வேண்டும் என்றால் நிறுவிக்கொள்வோம்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவனே ஒரு முடிவோடு வந்தான். டோட்டா 2 என்னும் விளையாட்டு இலவசமானது. லினக்ஸுக்கென்றே 2013 முதல் தனிப் பதிப்பு உடையது. மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை. தோழர்களை அதற்கு அழைத்துப் பார்ப்பதாகக் கூறினான். ஐவரில் இருவர் வந்தனர், மூவர் வரவில்லை. பழைய விளையாட்டை அவன் இப்பொழுது விடுமுறையில் தருமபுரி செல்லும்போது தோழன் வீட்டில் ஆடுகிறான். இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூவரின் குரல் ஞாயிறு இரவுகளில் கேட்பதில்லை. ஆனால் கட்டணப் பணம் கட்டணத்திற்கே சென்றது. தெரிவு தன்னுடையது என்பதால் பிள்ளைக்கு மனக்குறையும் இல்லை.

ஒரு மாலைப் பொழுது

புரோட்டான் வழி நாங்கள் ஆடிய ஒன்றைப் பற்றி இம்மாத இதழின் வாசகர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட அவ்விளையாட்டின் பெயர் 'வெண்பா'. 1988 ஆம் ஆண்டில் கனடாவில் குடியேறி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா. ஊரிலிருந்து கொண்டுவந்த சமையற்குறிப்பு ஏடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை நாமே ஊகித்து உணவு சமைக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா நிறுவனம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு அளித்தது.

இதற்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. எங்கள் கணினியில் புரோட்டான் வழியே தடையின்றி ஓடிற்று. தமக்கை மகன் விசைப்பலகையில் அமர, என் இல்லத்தரசியும் ஒன்பது வயது மகளும் அருகில் அமர்ந்தனர். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடத்தில் அவன் தடுமாறினான். "துளைக்கு மேல் குழி வரக் கூடாதா? ஆவி எப்படி மேலே போகும்?" என்று என் இல்லத்தரசி எழுந்தே நின்றுவிட்டார். கணினியைத் தொட்டறியாத அவர் சொற்படியே ஆட்டம் வென்றது. கதையில் வரும் மகன் தாயின் தமிழுக்கு ஆங்கிலத்தில் விடை கூறும் இடம் வந்தபொழுது, அறையில் பேச்சு அடங்கியது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கும் என் மகள், "அப்பா, வெண்பா என்றால் என்ன?" என்று கேட்டாள். தமிழ்ச் செய்யுள் வகையின் பெயர் என்றேன். மறுநாள் அவள் தன் தமிழ் எழுத்துப் பயிற்சிச் சுவடியைத் தானாகவே எடுத்து வந்தாள்.

முடிவாகச் சில சொற்கள்

என் அனுபவத்தால் நான் பரிந்துரைக்கும் முறை இது. முதலில், வீட்டில் உண்மையாகவே ஆடப்படும் விளையாட்டுகளைத் தாளில் எழுதுக. ஐந்துக்கு மேல் தேறாது. அடுத்து, ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டா என்று பார்க்க. இல்லையேல் புரோட்டான் ஏட்டில் தேடுக. போட்டி விளையாட்டாயின், அதன் காவல் மென்பொருள் லினக்ஸை ஏற்கிறதா என்பதை முதலிலேயே உறுதி செய்க. ஏற்காதது ஒன்றும், அதனை விட முடியாத நிலையும் இருந்தால் மட்டுமே இரு தளங்களை எண்ணுக.

ஸ்டீமில் வாங்கிய விளையாட்டைப் பொதுவாகப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாகவே ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஆகவே வாங்கிய அன்றே ஓட்டிப் பார்த்தல் நலம். இரு தளங்கள் வைத்திருப்போர், புரோட்டான் விளையாட்டுகளை விண்டோஸின் வட்டுப் பகுதியில் நிறுவாமல் லினக்ஸ் பகுதியிலேயே நிறுவுக. இல்லையேல் காரணம் விளங்காத பிழைகள் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு முடிவு செய்க. எது வெறும் பொழுதுபோக்கு, எது தோழமை என்பதை நாம் வெளியிலிருந்து அறிய இயலாது. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வருவோர், தம் கணினி வாங்கிய ஆண்டையும் விளையாட்டுகளின் பெயர்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருக. என் தமக்கை மகன் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே அமர்ந்து பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டுள்ளான். பேச்சுக் குறைந்தவன்; ஆனால் இதைப் பற்றிக் கேட்டால் நன்றாகவே பேசுவான்.